பிங்க் ஃபிளாய்ட் யாருடைய குழு?

பிங்க் ஃபிளாய்ட் ரசிகர்கள் இரண்டு பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து, 'இந்தக் குழுவின் உண்மையான தலைவர் யார்?' என்று ஒரே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். டீ ஆறிப்போகும், கடை மூடும் நேரமும் வரும், ஆனால் சண்டை முடியாது! ஒருவர் சிட் பாரெட் என்பார். இன்னொருவர் ராஜர் வாட்டர்ஸ் என்பார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து டேவிட் கில்மர் என்பார். ரிக் ரைட்டையும் நிக் மேசனையும் யாரும் சொல்லமாட்டார்கள். அதுவும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

உலகத்தில் ரசிகர் சண்டை இல்லாத குழு எதுவும் இல்லை. ஆனால் பிங்க் ஃபிளாய்ட் விஷயத்தில் அந்தச் சண்டை லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கே எழுந்தது. தீர்வு கிடைத்தது போல இருந்தாலும், ரசிகர்கள் மனதில் அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

முதல் ஃபிளாய்ட்: சிட் பாரெட்

லண்டன் ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படித்த மூன்று மாணவர்கள் வாட்டர்ஸ், மேசன், ரைட். வாட்டர்ஸின் கேம்பிரிட்ஜ் ஊர்க்காரர் சிட் பாரெட், ஓவியம் படிக்க லண்டன் வந்தவர். 1965-ல் குழுவுக்குப் பெயர் வைத்தது சிட்தான். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களிலிருந்து ஆளுக்கு ஒரு பாதியை எடுத்து ஒட்டினார். பிற்காலத்தில் கோடிக்கணக்கான டாலருக்கு விலைபோன பெயர் பிறந்த கதை இவ்வளவுதான்.

1966 டிசம்பரில் லண்டனில் தொடங்கிய யுஎஃப்ஓ கிளப்பில் இவர்கள் வாசித்தார்கள். சுவரெல்லாம் வண்ண எண்ணெய் உருகி வழிவது போன்ற ஒளிக்காட்சி, அதன் நடுவில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீளும் வாசிப்பு. அங்கே போனவர்களைக் கேட்டால், வாசித்தவர்களின் முகம் நினைவில் இல்லை, வெளிச்சம்தான் நினைவிருக்கிறது என்பார்கள். முகம் தெரியாத குழு என்ற அடையாளம் முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டது.

1967-ல் இ.எம்.ஐ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அபே ரோடு ஸ்டுடியோவில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அதே கட்டடத்தில் பீட்டில்ஸ் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்த நேரம் அது. 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்' என்ற அந்த ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பாலானவை சிட் எழுதியவை. குழந்தைக் கதை மாதிரி ஒரு பாட்டு, அடுத்தது விண்வெளிக்குப் போவது மாதிரி ஒன்று.

பிறகு சரிவு. எல்.எஸ்.டி. போதைப்பொருளும் மனநிலைச் சிக்கலும் சேர்ந்து சிட்டை முடக்கின. மேடையில் கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் நிற்பார். 1968 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மர் ஐந்தாவது ஆளாகச் சேர்க்கப்பட்டார். அதே மாதம் சவுத்தாம்ப்டனில் ஒரு கச்சேரிக்கு வேனில் போகும்போது, சிட்டைக் கூட்டிப்போக வேண்டுமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று அப்படியே போய்விட்டார்கள். கூட்டம் போட்டு விவாதிக்கவில்லை, தீர்மானம் எதுவும் இல்லை. வேன் அவர் வீட்டு வாசலில் நிற்கவில்லை, அவ்வளவுதான். அவர் விலகல் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது ஏப்ரலில்.

இங்கேதான் வேடிக்கை. குழுவின் மேலாளர்கள் பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும், திறமை முழுவதும் சிட்டிடம்தான் இருக்கிறது, மற்றவர்கள் தேறமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, குழுவை விட்டுவிட்டு சிட்டோடு போனார்கள்! வணிக உலகில் இதைவிடத் தவறிப்போன கணிப்பு அதிகம் இருக்காது. ஆனால் அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். பாட்டு எழுதியவர் சிட், பாடியவர் சிட், குழுவின் முகமும் சிட். முதல் ஆல்பத்தோடு பிங்க் ஃபிளாய்ட் முடிந்துவிட்டது என்று இன்றும் சொல்லும் ரசிகர்கள் ஜென்னரின் பக்கம் நிற்பவர்கள்.

நான்கு பேர் சேர்ந்த ஃபிளாய்ட்

1968 முதல் 1972 வரை தேடல் காலம். சினிமாவுக்கு இசை, 23 நிமிடம் ஓடும் ஒரே பாட்டு, 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பேய் நகரத்தில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத பழைய ரோமானிய அரங்கில் படப்பிடிப்பு என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அந்தப் பாம்பேய் படம் 2025-ல் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது, பிறக்கும் முன்பே எடுத்த படத்தைப் பார்க்க இளைஞர்கள் வந்தார்கள்.

1973 மார்ச்சில் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' வந்தது. இந்த ஆல்பத்தின் கணக்கு விசித்திரமானது. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973-க்கும் 1988-க்கும் இடையில் அந்தப் பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இடம்பிடித்தது! ஒரு வாரம் உச்சியில் நின்றுவிட்டு, மொத்தமாகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் பட்டியலில் நடந்த ஆல்பம் அது. உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

இதைச் செய்தது யார்? வாட்டர்ஸ் ரசிகர்களுக்குச் சந்தேகமே இல்லை. பாட்டு வரிகள் எல்லாம் அவருடையவை. நேரம், பணம், பைத்தியம், மரணம் என்று ஒரே சரட்டில் கோத்த யோசனையும் அவருடையது. கில்மர் ரசிகர்கள் கேட்பார்கள்: அந்த கிடாரையும் அந்தக் குரலையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? கொஞ்சம் கவனித்துக் கேட்டவர்கள் ரைட்டைச் சொல்வார்கள். அந்த ஆல்பத்துக்கு ஜாஸ் வாசனையைக் கொடுத்த கீபோர்டு அவருடையது. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸின் பங்கும் சின்னதல்ல.

இவர்கள் எல்லோரும் மறந்துபோகும் ஒருவர் உண்டு. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டில் வார்த்தையே இல்லாமல் கதறும் அந்தப் பெண் குரல். பாடியவர் கிளேர் டோரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தார்கள், பாடச் சொன்னார்கள், 30 பவுண்டு கொடுத்து அனுப்பினார்கள். என்ன பாட வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அந்த ராகம் அங்கேயே அவர் தொண்டையில் பிறந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து 2004-ல் அவர் வழக்குப் போட்டார். 2005-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டோடு சேர்த்து இசையமைத்தவராக அவர் பெயரும் அச்சாகிறது. யாருடைய குழு என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய பாட்டு என்று கேட்க வைத்த வழக்கு இது.

ஒரே நாள், நான்கு நினைவுகள்

ரசிகர்களின் நினைவுகள் முரண்படுவதில் ஆச்சரியம் இல்லை. குழுவில் இருந்தவர்களின் நினைவே ஒத்துப்போகவில்லை!

1975 ஜூன் 5 என்று பொதுவாகச் சொல்லப்படும் நாள். அபே ரோடில் 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டைமண்ட்' பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தது. அது சிட்டை நினைத்து எழுதிய பாட்டு. அப்போது ஸ்டுடியோவுக்குள் ஒரு பருத்த மனிதர் வந்து நின்றார். மொட்டைத் தலை, புருவமும் மழிக்கப்பட்டிருந்தது. யாரோ வேலையாள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்திருந்தது சிட் பாரெட்.

அவரை முதலில் அடையாளம் கண்டது யார்? ரைட்டின் நினைவில் வாட்டர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. மேசனின் நினைவில் கில்மர் சொல்லித்தான் தெரிந்தது. சிட் பல் துலக்குவது போல ஏதோ செய்துகொண்டிருந்தார் என்று ஒருவர் சொன்னார். கையில் பிளாஸ்டிக் பை வைத்திருந்தார் என்று ஒரு கதை. அன்றைக்கு கில்மரின் கல்யாண விருந்து நடந்தது என்று சிலர் சொல்ல, கல்யாணமே அடுத்த மாதம்தான் என்று வேறு கணக்கும் இருக்கிறது. எல்லோருடைய நினைவிலும் பொதுவாக இருப்பது அதிர்ச்சியும் கண்ணீரும்தான். அன்றைக்கு எடுத்த ஒரு புகைப்படம் மேசனின் புத்தகத்தில் வெளியாகியிருக்காவிட்டால் இதுவும் கட்டுக்கதை என்று சிலர் சொல்லியிருப்பார்கள்.

பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கே இந்த நிலை என்றால், ஸ்டேடியத்தின் கடைசி வரிசையில் நின்ற ரசிகருக்கு?

எச்சில் துப்பிய இரவு

1977 ஜூலை 6, கனடாவின் மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம். 'அனிமல்ஸ்' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரி. மாபெரும் கூட்டம், நடுவில் பட்டாசு வெடிக்கிறார்கள், மெல்லிய பாட்டு பாடும்போது கத்துகிறார்கள். வாட்டர்ஸ் பொறுமை இழந்து மேடையிலிருந்தே கூட்டத்தைத் திட்டினார். பிறகு, மேடை அருகே வந்து ஆர்ப்பாட்டம் செய்த ஒரு ரசிகர் மேல் எச்சில் துப்பினார். கடைசிப் பாட்டுக்குக் கில்மர் மேடைக்கே வரவில்லை.

ரசிகர் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்த நாடா இருப்பதால் வாட்டர்ஸ் கத்தியது இன்றும் கேட்கிறது. ஆனால் அந்த இரவு எப்படி இருந்தது என்பதில் ஒற்றுமை கிடையாது. வாழ்க்கையில் பார்த்த சிறந்த கச்சேரி என்பவர்களும் உண்டு, காசு கொடுத்து அவமானப்பட்டோம் என்பவர்களும் உண்டு. வாட்டர்ஸ் பிற்காலத்தில் தன் செயலை நினைத்துத் தானே வெறுத்துப்போனதாகச் சொன்னார். தனக்கும் ரசிகர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிட்டது என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியது. அதுதான் 1979 நவம்பரில் வெளியான 'த வால்'.

அதே ஆண்டுகளில் பங்க் இசை இளைஞர்களுக்குப் பிங்க் ஃபிளாய்ட் பிடிக்கவே இல்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஜானி ராட்டன், பிங்க் ஃபிளாய்ட் பனியனை வாங்கி, 'வெறுக்கிறேன்' என்று மேலே எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தார். பிற்காலத்தில் அவரே, 'டார்க் சைட்' ஆல்பம் தனக்குப் பிடிக்கும் என்று ஒப்புக்கொண்டார்! த டேம்டு என்ற பங்க் குழுவின் 1977 ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஃபிளாய்டின் நிக் மேசன். தெருவில் நடந்த அளவுக்குச் சண்டை ஸ்டுடியோவுக்குள் நடக்கவில்லை.

சம்பளக்காரருக்கு மட்டும் லாபம்

'த வால்' பதிவின்போது இன்னொரு விலகல். ரைட் ஒழுங்காகப் பங்களிப்பதில்லை என்று வாட்டர்ஸ் குற்றம் சாட்டி, அவரை வெளியேற்றினால்தான் ஆல்பம் வரும் என்ற நிலையை உண்டாக்கினார். ரைட் போனார். ஆனால் 1980-81-ல் நடந்த 'த வால்' மேடை நிகழ்ச்சிகளில் அவரே சம்பளத்துக்கு வாசித்தார்.

அந்த நிகழ்ச்சி எப்படிப்பட்டது? மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அட்டைச் செங்கற்களால் உண்மையாகவே ஒரு சுவர் எழுப்பி, கடைசியில் அதை இடிப்பார்கள். செலவு பயங்கரம். லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், லண்டன், டார்ட்மண்ட் ஆகிய நான்கே இடங்களில்தான் நடத்த முடிந்தது. கடைசியில் நஷ்டம். நஷ்டத்தைத் தாங்கியவர்கள் பங்குதாரர்களான மூன்று பேர். லாபத்தோடு வீட்டுக்குப் போனது, குழுவிலிருந்து துரத்தப்பட்டுச் சம்பளம் வாங்கிய ரைட் ஒருவர்தான்! முதலாளிக்கும் சம்பளக்காரருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் முதலாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதே ஆல்பத்தில் வரும் 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' பாட்டும் ரசிகர் சண்டைக்குப் பெயர்போனது. இசை கில்மருடையது, வரிகள் வாட்டர்ஸுடையவை. வயலின்கள் நிறைந்த வடிவமா, முறுக்கான ராக் வடிவமா என்று இருவரும் கடுமையாகச் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்து ஒட்டினார்கள். யாருடைய குழு என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாட்டே பதில். தனித்தனியாக இரண்டு பேருமே அதற்கு இணையாக ஒன்றைச் செய்யவில்லை என்பது நிறையப் பேரின் கருத்து.

பெயர் யாருக்கு?

1983-ல் வந்த 'த ஃபைனல் கட்' முழுக்க வாட்டர்ஸ் எழுதியது. இரண்டாம் உலகப்போரில், 1944-ல் இத்தாலியின் அன்ஸியோவில் இறந்த தன் தந்தையை நினைத்தும், 1982 ஃபாக்லாந்து போரைக் கண்டித்தும் எழுதினார். ரைட் அதில் இல்லை. சிலருக்கு அது குழுவின் மிக நேர்மையான ஆல்பம், மற்றவர்களுக்கு அது ஃபிளாய்ட் பெயர் ஒட்டிய வாட்டர்ஸின் தனி ஆல்பம்.

1985-ல் வாட்டர்ஸ் விலகினார். தான் இல்லாமல் குழு இல்லை, பெயரோடு சேர்த்து எல்லாம் முடிந்தது என்பது அவர் நினைப்பு. கில்மரும் மேசனும் தொடருவோம் என்றார்கள். 1986 அக்டோபரில் வாட்டர்ஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். படைப்பாற்றல் வற்றிப்போன குழு அது, அந்தப் பெயரை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் வாதம்.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய பாடம். கூட்டாளி விலகும்போது நற்பெயருக்கு மதிப்புப் போட வேண்டும். கடை, கல்லாப்பெட்டி, கையிருப்புச் சரக்கு எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். பெயரை எப்படி எண்ணுவது? புத்தகத்தில் அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. ஆனால் விலகும் கூட்டாளி, 'பணம் வேண்டாம், கடையையே மூடு' என்று கேட்டால் சூத்திரம் உதவாது.

நீதிமன்றத்துக்கு முன்பாக ரசிகர்களே ஒரு தீர்ப்பைச் சொன்னார்கள். 1987-ல் வாட்டர்ஸ் தன் 'ரேடியோ கேயாஸ்' ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போனார். அதே நேரத்தில் கில்மரும் மேசனும், ரைட்டைச் சம்பளத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டு, 'எ மொமென்ட்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' ஆல்பத்தோடு போனார்கள். முன்பணத்துக்காக மேசன் தன்னுடைய அபூர்வமான 1962 ஃபெராரி காரை அடமானம் வைத்தார். தத்துவம் முழுவதும் வாட்டர்ஸிடம் இருந்தாலும் ஸ்டேடியங்கள் பிங்க் ஃபிளாய்ட் என்ற பெயர் போட்ட பக்கம்தான் நிரம்பின. முகம் தெரியாத குழு என்பதன் விளைவு இதுதான். மிக் ஜாக்கர் இல்லாமல் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தால் கூட்டம் திரும்பிப் போய்விடும். ஆனால் ஃபிளாய்டில் வெளிச்சமும் ஒலியும்தான் நட்சத்திரம். யார் நிற்கிறார்கள் என்று பின்வரிசைக்குத் தெரியாது.

1987 டிசம்பரில், கில்மரின் 'அஸ்டோரியா' என்ற படகு வீட்டில் வைத்து ஒப்பந்தம் ஆனது. பெயர் கில்மருக்கும் மேசனுக்கும். 'த வால்' மேடை உரிமை வாட்டர்ஸுக்கு. பறக்கும் பன்றியின் மேலும் அவருக்கு உரிமை இருந்தது! அந்தப் பன்றிக்கும் தனிக்கதை உண்டு. 1976 டிசம்பரில் லண்டன் பேட்டர்ஸீ மின்நிலையத்தின் மேலே 'அனிமல்ஸ்' அட்டைப்படத்துக்காகக் கட்டியிருந்த காற்றடைத்த பன்றி, கயிறு அறுந்து பறந்துபோய் ஹீத்ரோ விமானங்களைக் கலங்கடித்து, கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் இறங்கியது. வாட்டர்ஸ் விலகிய பிறகு, இது வேறு பன்றி என்று காட்டுவதற்காக அதை ஆண் பன்றியாக மாற்றிப் பறக்கவிட்டார்களாம் மற்றவர்கள்!

வெனிஸும் பெர்லினும்

பிரிந்த பிறகு நடந்த இரண்டு கச்சேரிகளை ரசிகர்கள் எதிரெதிராக வைத்துப் பேசுவார்கள்.

1989 ஜூலை 15. இத்தாலியின் வெனிஸ் நகரில், தண்ணீரில் மிதக்கும் மேடையில் கில்மரின் ஃபிளாய்ட் வாசித்தது. சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது கனவு. ஊர்க்காரர்களுக்கு? போதிய கழிப்பறைகள் இல்லை, மறுநாள் சதுக்கம் முழுக்கக் குப்பை மலை. எழுந்த கோபத்தில் நகரசபையே பதவி விலக நேர்ந்தது. ஒரே இரவு சிலருக்கு அழகான நினைவு, சிலருக்கு மூக்கைப் பிடித்த நினைவு.

1990 ஜூலை 21. பெர்லின் சுவர் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு ஜெர்மனிகளுக்கும் நடுவில் யாருமற்றுக் கிடந்த போட்ஸ்டாமர் பிளாட்ஸ் பொட்டலில் வாட்டர்ஸ் 'த வால்' நிகழ்ச்சியை, விருந்தினர் கலைஞர்களோடு நடத்தினார். அங்கும் 2 லட்சத்துக்கு மேல் கூட்டம். நடுவில் மின்சாரம் கோளாறு செய்தது, சில பாட்டுகள் கேட்கவே இல்லை. ஆனால் உண்மையான சுவர் விழுந்த இடத்தில் அட்டைச் சுவர் விழுவதைப் பார்த்தவர்கள், ஒலி கெட்டுப்போனதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இந்தியாவுக்கு வந்தது வாட்டர்ஸ் மட்டுமே. 2002-ல் பெங்களூர், 2007-ல் மும்பை. அதனால் இங்கே நேரில் பார்த்தவர்களின் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இல்லாததைக் கேட்டவர்கள்

ரசிகர்கள் நினைவுகளைச் சேமிப்பவர்கள் மட்டும் அல்ல, சில சமயம் உற்பத்தி செய்பவர்களும்கூட. 1990-களின் நடுவில் ஒரு செய்தி பரவியது. 1939-ல் வந்த 'த விஸர்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் தொடக்கத்தில் சிங்கம் கர்ஜிக்கும்போது 'டார்க் சைட்' ஆல்பத்தை ஓடவிட்டால், பாட்டும் காட்சியும் அச்சாகப் பொருந்துகிறதாம். ஊரெல்லாம் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு சோதித்துப் பார்த்தார்கள். அப்படி எதுவும் திட்டமிடவில்லை என்று குழுவினரும் ஆலன் பார்சன்ஸும் மறுத்தார்கள். ஆல்பம் 43 நிமிடம், படம் ஒரு மணி நாற்பது நிமிடம். நூறு இடத்தில் பொருந்தாமல் போவதை மறந்துவிட்டு, பத்து இடத்தில் பொருந்துவதை மட்டும் நினைவு வைத்துக்கொள்கிறது மனது. குழுவைப் பற்றிய மற்ற நினைவுகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் ரசிகர்களின் தேடல் எப்போதும் இப்படி விளையாட்டாக முடியவில்லை. சிட் பாரெட் இசையை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜுக்கே திரும்பி, ராஜர் என்ற தன் இயற்பெயரோடு, ஓவியம் வரைந்துகொண்டும் தோட்டம் பார்த்துக்கொண்டும் வாழ்ந்தார். தன்னைத் தனியாக விட்டால் போதும் என்பதே அவர் விருப்பம். ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் விடவில்லை. கதவைத் தட்டினார்கள், சைக்கிளில் கடைக்குப் போகும்போது படம் எடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது 1967-ன் சிட். கதவைத் திறந்தவர் அந்த மனிதர் இல்லை. அவர் பாட்டுகளுக்கான பணம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டவர் கில்மர். 2006 ஜூலை 7-ல் 60 வயதில் சிட் இறந்தார். அதே ஆண்டில் அவர் வீட்டுப் பொருட்கள் ஏலத்துக்கு வந்தபோது, ஒரு நாற்காலிக்கும் ஒரு சைக்கிளுக்கும்கூடப் போட்டி இருந்தது.

இருபது நிமிடச் சமாதானம்

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், 'லைவ் 8' நிகழ்ச்சி. 'த வால்' திரைப்படத்தில் (1982) கதாநாயகனாக நடித்த பாப் கெல்டாஃப்தான் ஏற்பாட்டாளர். அவர் விடாமல் துரத்தி, வாட்டர்ஸ், கில்மர், ரைட், மேசன் நான்கு பேரையும் ஒரே மேடையில் ஏற்றினார். நான்கு பேரும் சேர்ந்து வாசித்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருபது நிமிடம் சொச்சம் வாசித்தார்கள். வாட்டர்ஸ் சிட்டின் பெயரைச் சொல்லி நினைவுகூர்ந்தார். முடிவில் நான்கு பேரும் தோள்மேல் கைபோட்டு நின்றார்கள். கில்மர் முகத்தில் சங்கடம் தெரிந்தது என்று ஒரு கட்சி, மகிழ்ச்சி தெரிந்தது என்று இன்னொரு கட்சி. ஒரே படத்தைப் பார்த்துதான் இரண்டு கட்சியும் பேசுகின்றன!

மறு இணைவுச் சுற்றுப்பயணத்துக்குப் பெரும்பணம் பேசப்பட்டது, கில்மர் மறுத்தார். 2008 செப்டம்பர் 15-ல் ரைட் புற்றுநோயால் இறந்தார். அதோடு நான்கு பேர் ஃபிளாய்ட் நிரந்தரமாக முடிந்தது. 2011 மே மாதம் லண்டனில் வாட்டர்ஸின் 'வால்' மேடையில் ஒரு இரவு கில்மர் சுவரின் மேல் ஏறி நின்று கிடார் வாசித்தார். மேசனும் வந்தார். பிறகு மறுபடியும் பழைய கதை. 2022-ல் உக்ரைனுக்கு ஆதரவாகக் கில்மரும் மேசனும் ஃபிளாய்ட் பெயரில் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். 2023-ல் அரசியல் கருத்துகளை வைத்து கில்மரின் மனைவி பாலி சாம்சன் வாட்டர்ஸைப் பகிரங்கமாகத் தாக்க, கில்மர் அதை வழிமொழிந்தார், வாட்டர்ஸ் மறுத்தார். அதே ஆண்டு வாட்டர்ஸ் 'டார்க் சைட்' ஆல்பத்தைத் தனியாக, கிடார் தனிவாசிப்பு இல்லாமல், மறுபடி பதிவு செய்தார். அது என் ஆல்பம் என்று சொல்வதற்கு இதைவிட நேரடியான வழி இல்லை.

கடைசியில் 2024-ல், பதிவுகளின் உரிமையும் குழுவின் பெயர், உருவ உரிமையும் சோனி நிறுவனத்துக்குச் சுமார் 40 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. பாட்டு எழுதிய உரிமை மட்டும் எழுதியவர்களிடமே இருக்கிறது. சிட் இரண்டு பெயர்களை ஒட்டி உண்டாக்கிய அந்தச் சொல்லுக்கு ஒரு வழியாக விலை போட்டாகிவிட்டது. வாட்டர்ஸ் ஜெயிக்கவில்லை, கில்மரும் வைத்துக்கொள்ளவில்லை.

எந்த வாசல் வழியாக உள்ளே வருவது?

இத்தனை கருத்து வேறுபாட்டுக்கும் அடியில் ஒரு எளிய விஷயம் இருக்கிறது. யார் எந்த ஆண்டில், எந்த ஆல்பத்தின் வழியாக உள்ளே வந்தார்களோ, அதுவே அவர்களுக்கு உண்மையான ஃபிளாய்ட். 1967-ல் கிளப்பில் நின்றவருக்கு சிட். 1979-ல் அண்ணனின் கேசட்டில் 'த வால்' கேட்டவருக்கு வாட்டர்ஸ். 1994-ல் 'த டிவிஷன் பெல்' வழியாக வந்தவருக்கு கில்மர். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லா ஆல்பத்திலும் இருந்த ஒரே ஆள் நிக் மேசன். சண்டை எதிலும் பெரிதாக மாட்டிக்கொள்ளாத அவர், 2018-லிருந்து தனிக்குழு வைத்து, சிட் காலத்துப் பழைய பாட்டுகளை ஊர் ஊராக வாசித்தார். 2019-ல் நியூயார்க்கில் வாட்டர்ஸ் அந்த மேடையேறி ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) கேளுங்கள். மொத்தம் ஐந்தே பாட்டு. வரிகள் வாட்டர்ஸுடையவை, முதல் நான்கு கிடார் சுரங்கள் கில்மருடையவை, அவற்றுக்கு அடியில் விரிந்து கிடக்கும் கீபோர்டு ரைட்டுடையது, அவசரப்படாத தாளம் மேசனுடையது. பாட்டு யாரைப் பற்றியதோ அவர் மட்டும் அதில் இல்லை.